மங்கிய முன்விளக்குகளும் ஓமின் விதியும்

சப்பிரகமுவத் தோட்டப் பகுதிகளில் இரவு வேளை மோட்டார் வண்டி செலுத்துதல் எளிய கருமமன்று. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. பலாங்கொடைக்கு அப்பாலும் இறக்குவானை மலைப்பக்கத்தும் மூடுபனி வேறு. தோட்ட வீதிகளில் நடைபாதை இல்லை, தெருவிளக்கும் அரிது. லயங்களுக்குத் திரும்புவோர் வீதியோரமாகவே நடக்கின்றனர். மணிக்கு 30 மைல் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 44 அடி கடந்துவிடும். ஆதலின் சாரதி அவர்களை எவ்வளவு தூரத்திற் காண்கிறார் என்பது உயிர் பற்றிய வினாவாகும்.

1948இல் விற்பனைக்கு வந்த மொறிஸ் மைனரை இன்றும் பேணிவரும் அன்பர்கள் நம்மிடையே உளர். விளக்கு மங்கினால் பெரிய மின்குமிழ் வாங்கிப் பூட்டுவதே பரிகாரமென அவர்களிற் பலர் எண்ணுகின்றனர். அது பெரும்பாலும் வீண் செலவு. குற்றம் குமிழிலன்று, மின்னோட்டம் வரும் வழியிலேயே உள்ளது.

பற்றரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் விளக்குச் சுவிச்சு, காலால் மிதிக்கும் டிப் சுவிச்சு, பழைய கம்பிகள் ஆகியவற்றைக் கடந்து விளக்கை அடைந்து, வண்டியின் இரும்புடல் வழியே மீள்கின்றது. இடையிலுள்ள ஒவ்வொரு முனையிலும் மழையீரத்தாற் களிம்பும் துருவும் ஏறுகின்றன. இவற்றின் தடை மொத்தம் 0.2 ஓம் மட்டுமே எனக் கொள்வோம். 42 வாற்றுக் குமிழ்கள் இரண்டு 12 வோல்ற்றில் 7 அம்பியர் இழுக்கும். விஞ்ஞானகூடத்திற் கற்ற ஓமின் விதிப்படி 1.4 வோல்ற்று வழியிலேயே அழிந்துவிடும். அழுத்தம் 10 வீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 வீதம் குறையும் என்பதே இங்கு முக்கியம். 60 வாற்றுக் குமிழ்களைப் பூட்டினாலோ மின்னோட்டம் கூடும், இழப்பும் கூடும், பழைய சுவிச்சும் சூடேறும்.

எனவே முதலிற் செய்யவேண்டியது அளத்தல். இயந்திரம் ஓட, விளக்கெரிய, பற்றரி முனைகளிலும் விளக்கின் முனைகளிலும் வோல்ற்றுமானியை வைத்துப் பாருங்கள். வேறுபாடு அரை வோல்ற்றுக்கு மேற்பட்டால், விளக்கின் ஏர்த் கம்பி உடலைத் தொடுமிடத்தைப் பளபளக்கச் சுரண்டி இறுக்குங்கள். செலவில்லாத இவ்வேலையே பல வண்டிகளுக்குப் போதும்.

போதாவிடின் றிலே பூட்டலாம். பழைய சுவிச்சு றிலேயை இயக்குவதோடு நின்றுவிடும். விளக்குக்கான மின்னோட்டம் தடித்த புதுக் கம்பி வழியே நேரே செல்லும். டிப்புக்கு ஒன்று, நெடுவெளிச்சத்துக்கு ஒன்று வேண்டும். மொறிஸ் மைனரின் மூல இணைப்பில் முன்விளக்குகளுக்கு உருகி கிடையாது. புதுக் கம்பியில் பற்றரிக்கு அருகே ஒன்றை அவசியம் சேர்க்க.

இவ்வளவும் செய்த பின்னரே குமிழைப் பற்றி நினைக்கலாம். அப்போதும் டைனமோவை மறக்கலாகாது. ஏற்றத்தில் மெதுவாக ஊரும்போது அது போதிய மின்னைத் தராது. பற்றரியே சுமையைத் தாங்கும். உள்ளிருக்கும் தெறிகண்ணாடி கறுத்திருப்பின் மாற்றுக. மெருகுப் பசையால் தேய்த்தால் வெள்ளிப்பூச்சே போய்விடும். எல்.ஈ.டி. குமிழ்களை நான் பரிந்துரைப்பதில்லை. பழைய தெறிகண்ணாடி, இழை இருக்கவேண்டிய இடத்தைக் கணித்துச் செய்யப்பட்டது. ஒளிமூலம் இடம் மாறினால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணைக் கூசச்செய்யும். அன்றியும் இவ்வண்டிகளில் நேர்முனையே உடலோடு இணைந்திருப்பதால் அக்குமிழ்களிற் சில எரியவே மாட்டா.

புது விளக்கு வாங்குவோர் அது இடப்பக்கம் செலுத்தும் நாடுகளுக்கு உரியதா என்று கடையிலேயே கேட்டறிக. ஐரோப்பியக் கண்டத்துக்கெனச் செய்த விளக்கு, டிப் போட்டாலும் வலப்பக்கமே உயர்ந்தெறிந்து, வளைவில் எதிர்ப்படும் பஸ் சாரதியின் கண்ணை மறைக்கும்.