லினக்ஸ்ல டூம் ஓடுது. சரி, படம் எப்படி இருக்கு?

"லினக்ஸ்ல கேம் ஓடாது மச்சி." உங்க ஹாஸ்டல்ல ஒருத்தராவது இதைச் சொல்லியிருப்பாங்க. 2011-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்களை நினைச்சுப் பாருங்க. நந்தனத்துல இருக்கற எல்காட் வழியா வந்த அந்த லேப்டாப்கள்ல ஒரு பக்கம் விண்டோஸ், இன்னொரு பக்கம் சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். ஐஐடி வளாகத்துல லினக்ஸ் ஆர்வலர்கள் மாசா மாசம் கூடிப் பேசின ஊர் இது. ஆனாலும் கேம்னு வந்தா எல்லார் கையும் விண்டோஸ் பக்கம்தான் போகும். அன்னைக்கு அது நியாயம்.

இன்னைக்கு நிலைமை வேற. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிஞ்சது. விண்டோஸ் 11 ஏத்துக்காத, ஆனா நல்லா உழைக்கிற லேப்டாப் உங்ககிட்ட இருந்தா, வீட்ல புதுசு கேட்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

விண்டோஸுக்கு எழுதின கேம் லினக்ஸ்ல எப்படி ஓடும்? கேமோட இயந்திர மொழி உங்க சிபியூவுக்கு ஏற்கனவே புரியும். பிரச்சனை, அந்த கேம் விண்டோஸ்கிட்ட கேட்கிற உதவிகள்ல இருக்கு. ஒரு ஃபைலைத் திற, ஒரு விண்டோவைப் போடு, இந்த முக்கோணத்தை வரைன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். பாண்டி பஜார்ல தமிழ் மட்டும் தெரிஞ்ச கடைக்காரர், இந்தி மட்டும் தெரிஞ்ச வாடிக்கையாளர், நடுவுல ரெண்டும் தெரிஞ்ச ஒரு பையன்னு வச்சுக்கோங்க. பொருளும் அதே, விலையும் அதே, பேச்சு மட்டும் மாறுது. அந்தப் பையன்தான் 1993-ல் ஆரம்பிச்ச வைன். 2018 ஆகஸ்ட்ல வால்வ் நிறுவனம் வைனோட இன்னும் சில பாகங்களைச் சேர்த்து, புரோட்டான்னு பேர் வச்சு ஸ்டீமுக்குள்ளேயே கொடுத்தது.

அந்தப் பாகங்கள்ல முக்கியமானது டிஎக்ஸ்விகே. டைரக்ட்எக்ஸ் 9, 10, 11-ல் வர்ற வரைகலைக் கட்டளைகளை இது வல்கனுக்கு மாத்தும். டைரக்ட்எக்ஸ் 12-க்கு விகேடி3டி-புரோட்டான்னு தனியா ஒண்ணு இருக்கு. 2016-ல் வந்த டூம் இதுல ஒரு செல்லப்பிள்ளை. அதுக்கு வல்கன் நேரடியாவே தெரியும், அதனால வரைகலையில மொழிபெயர்ப்பே தேவையில்லை. புரோட்டான் வந்த நாளே வால்வ் சோதிச்சு அனுமதிச்ச பட்டியல்ல டூமும் இருந்தது, 2007-ல் வந்த ஸ்டாக்கரும் இருந்தது. முதல்ல ஒரு ஷூட்டரை முயற்சி பண்ணணும்னா டூம்தான் என் சிபாரிசு.

செய்முறை சின்னதுதான். ஸ்டீம் செட்டிங்ஸ்ல கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குப் போய் புரோட்டானை ஆன் பண்ணுங்க (புது ஸ்டீம்ல அது ஏற்கனவே ஆன்ல இருக்கலாம்), கேமை இன்ஸ்டால் பண்ணுங்க, பிளே அழுத்துங்க. டூமுக்கு 55 ஜிபி இடம் வேணும்னு ஸ்டீமே சொல்லுது, ஹாஸ்டல் வைஃபையை நம்பறவங்க ராத்திரியிலேயே போட்டு வச்சிடுங்க. டவுன்லோடை மிச்சம் பண்ண, விண்டோஸோட டி டிரைவ்ல இருக்கற கேமை அங்கிருந்தே ஓட்டலாம்னு தோணும். வேண்டாம். புரோட்டான் உருவாக்கற சில பெயர்கள்ல முக்காற்புள்ளி வரும், என்டிஎஃப்எஸ்ல அது தகராறு. லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு காப்பி பண்ணிட்டு ஓட்டுங்க. என்விடியா இருக்கற லேப்டாப்னா, கேம் நிஜமாவே அந்த கார்டுலதான் ஓடுதா, இல்ல இன்டெல் சிப்புலயான்னு பார்த்துடுங்க. "லினக்ஸ் ஸ்லோ"ங்கற புகார்ல பாதி இதுல போயிடும்னு நான் நினைக்கிறேன்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். "கிராபிக்ஸ் சூப்பர்"னு ஒருத்தர் சொன்னா, படத்தோட தரத்தைச் சொல்றாரா, ஓட்டத்தைச் சொல்றாரா? ரெண்டும் வேற வேற.

படத்தைப் பொறுத்தவரை, அதே கார்டு, அதே கட்டளை, அதே செட்டிங்னா ரெண்டு பக்கமும் ஒரே படம்தான் வரணும். வித்தியாசம் தெரிஞ்சா எங்கேயோ ஒரு செட்டிங் மாறியிருக்கு. ஸ்டாக்கர்ல லைட்டிங்குக்கு ஸ்டாட்டிக், ஃபுல் டைனமிக்னு தனித்தனி தேர்வு இருக்கு. ஒரு பக்கம் ஸ்டாட்டிக்ல விட்டுட்டு "லினக்ஸ்ல நிழலே விழலை"ன்னு சொல்றது நியாயமில்லை. ஒரே சேவ் ஃபைல், ஒரே இடம், ஒரே ரெசல்யூஷன்ல ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. அதை பிஎன்ஜியாவே வச்சு ஒப்பிடுங்க. வாட்ஸ்ஆப்ல அனுப்பினா அது சுருக்கிக் கொடுக்கும், அப்புறம் நீங்க ஒப்பிடறது வாட்ஸ்ஆப்பைத்தான். கம்பிவேலியோட ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியுதா, தூரத்துத் தரை குழம்புதா, நிழலோட விளிம்பு நடுங்குதான்னு பாருங்க. மொத்தப் படமும் மங்கலா இருந்தா டெஸ்க்டாப்போட 125 சதவீத ஸ்கேலிங்கைச் சந்தேகப்படுங்க. டிவியில கறுப்பு சாம்பலாத் தெரிஞ்சா ஹெச்டிஎம்ஐ கலர் ரேஞ்சைப் பாருங்க. ரெண்டுக்கும் கேம் பொறுப்பில்லை.

ஓட்டம்தான் நிஜமா மாறுற இடம். இதுல எஃப்பிஎஸ் சராசரி நல்லாவே ஏமாத்தும். லஸ் கார்னர்ல பஸ்ஸுக்கு நிக்கறவங்களுக்கு இது தெரியும். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்னு சராசரி சொல்லும், ஆனா அரை மணி நேரம் ஒண்ணுமே வராம மூணு பஸ் ஒண்ணா வரும். அதே மாதிரி, ஒரு செகண்டுல 50 ஃப்ரேம் தலா 10 மில்லிசெகண்டுல வந்து, அடுத்த ஒரே ஃப்ரேம் 500 மில்லிசெகண்ட் எடுத்தா மீட்டர் 51 எஃப்பிஎஸ்னு காட்டும். நீங்க அரை செகண்ட் உறைஞ்சு நின்னிருப்பீங்க, ஷூட்டர்ல அதுக்குள்ள உங்க கதை முடிஞ்சிருக்கும். அதனால மேங்கோஹட் போட்டு ஃப்ரேம்டைம் கோட்டைப் பாருங்க. 60 எஃப்பிஎஸ்னா ஒவ்வொரு ஃப்ரேமும் சுமார் 16.7 மில்லிசெகண்ட், கோடு தட்டையா இருக்கணும்.

கோட்டுல திடீர்னு முள்ளு முள்ளா வந்தா பெரும்பாலும் அது ஷேடர் கம்பைல் ஆகறது. பாண்டி பஜார் பையன் புது வார்த்தை கேட்டதும் ஒரு நொடி யோசிக்கிற மாதிரி. அடுத்த தடவை யோசிக்க மாட்டான். 2022 நவம்பர்ல வந்த டிஎக்ஸ்விகே 2.0, புது டிரைவர்களோட சேர்ந்து இதை நல்லாவே குறைச்சது. கேம் திறக்கறப்போ ஸ்டீம் "வல்கன் ஷேடர்ஸ்"னு ஏதோ தயார் பண்ணும், அதையும் இதுக்காகத்தான் பண்ணுது, ஸ்கிப் அழுத்தாதீங்க. ஒரே லெவலை ரெண்டு தடவை ஆடி, ரெண்டாவது தடவைக்கு மார்க் போடுங்க.

இன்னொண்ணு, இது நம்ம ஊருக்கே உரிய பிரச்சனை. மே மாசம், ஏசி இல்லாத ரூம், மத்தியானம். முதல்ல விண்டோஸ்ல அரை மணி நேரம் ஆடிட்டு, கொதிக்கிற லேப்டாப்பை லினக்ஸ்ல பூட் பண்ணினா, சூட்டுக்குப் பயந்து சிப் வேகத்தைக் குறைச்சுக்கும். லினக்ஸ் அநியாயமா தோத்துடும். ரெண்டையும் ஆறின லேப்டாப்புல, சார்ஜர் போட்டு, அதிகாலையில சோதிங்க.

கடைசியா கசப்பான சேதி. வேலரண்ட் லினக்ஸ்ல ஓடாது. அதோட வான்கார்ட் விண்டோஸ் கெர்னலுக்குள்ள உட்காரணும், வைன்ல அந்த கெர்னலே கிடையாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கிட்டு இருந்தது, 2024 அக்டோபர் கடைசியில அவங்களே லினக்ஸை நிறுத்திட்டாங்க. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ரெண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி விட்டாச்சு, ஆனா அதை ஆன் பண்றது அந்தந்த கேம் கம்பெனி கையில. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-க்கு மட்டும் நேரடி லினக்ஸ் வெர்ஷனே இருக்கு. உங்க விங்ல ராத்திரி பதினோரு மணிக்கு எல்லாரும் சேர்ந்து வேலரண்ட் ஆடறவங்கன்னா விண்டோஸை அழிக்காதீங்க, டூயல் பூட்டுக்கு ஒரு 100 ஜிபி ஒதுக்குங்க. தனியா ஆடற ஆள்னா, இந்த வாரக் கடைசியிலேயே டூம் போட்டுப் பாருங்க.