கோட்டினின் சோதனை: அந்தக் கோட்டைப் போட்டது யார்?

மார்ச் 31 நெருங்குகிறது. வரிச் சலுகைக்காகக் கடைசி நேரத்தில் டேர்ம் பாலிசி எடுக்கும் வாசகர்கள் அனுப்பும் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. மருத்துவப் பரிசோதனைப் பட்டியலில் ‘யூரின் கோட்டினின்’ என்றிருக்கிறதே, வீட்டில் அப்பா பிடிக்கும் பீடி என் பிரீமியத்தை ஏற்றிவிடுமா?

‘புகைபிடிப்பவரைக் கண்டுபிடிக்கும் சோதனை’ என்று முகவர்கள் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். அது கண்டுபிடிப்பது நிகோடின் உடலுக்குள் போனதை மட்டும்தான். நிகோடினில் 70 முதல் 80 சதவீதத்தைக் கல்லீரல் கோட்டினினாக மாற்றுகிறது. ரத்தத்தில் நிகோடின் பாதியாகக் குறைய சுமார் 2 மணி நேரம் போதும். கோட்டினினுக்கு 16 முதல் 20 மணி நேரம் ஆகும். அதனால்தான் கடைசி சிகரெட் எப்போது என்பதைத் தாண்டி, முந்தைய சில நாட்களின் கணக்கே அதில் தெரிகிறது. அந்த நிகோடின் சிகரெட்டில் இருந்து வந்ததா, வெற்றிலையோடு மென்ற புகையிலையில் இருந்தா, சிகரெட்டை விடுவதற்காக மெல்லும் நிகோடின் கம்மில் இருந்தா என்பதை அது சொல்லாது. விட முயல்பவரையும் பிடிப்பவர் வரிசையில் நிறுத்துவது அநியாயம்.

அதைவிடக் கவலை தருவது, ‘பாசிட்டிவ்’ என்பதைத் தீர்மானிக்கும் எல்லைக்கோடு. அமெரிக்காவில் நெடுங்காலம் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 15 நானோகிராம் என்பதே புகைபிடிப்பவருக்கான எல்லையாக இருந்தது. 2009இல் ஆய்வாளர் நீல் பெனோவிட்ஸின் குழுவினர் தேசிய அளவிலான ரத்த மாதிரிகளை அலசி, 3 நானோகிராம்தான் சரி என்றனர். மனித உடல் மாறிவிடவில்லை, மாறியது காற்று. 1988–91இல் அங்கே புகைபிடிக்காதோரில் 87.9 சதவீதம் பேரின் ரத்தத்தில் அளவிடத்தக்க கோட்டினின் இருந்தது. அலுவலகத்திலும் உணவகத்திலும் பிறர் விட்ட புகை அது. தடைகள் வந்தபின், 2011–12இல் அது 25.3 சதவீதமாகச் சரிந்தது. புகைபிடிக்காதோரின் அளவு இறங்க இறங்க, இரு தரப்பையும் பிரிக்கும் கோடும் கீழே வந்தது. ஆக, ஊர் எவ்வளவு புகையைச் சுவாசிக்கிறதோ அதற்கேற்பவே கோடு அமைகிறது.

அதே ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது. தனித்தனியே கணக்கிட்டால் கறுப்பின அமெரிக்கர்களுக்கு உகந்த எல்லை சுமார் 6 நானோகிராம். மெக்சிகோ வம்சாவளியினருக்கு ஒன்றுகூட இல்லை, 0.84. பழக்கவழக்கம், சுற்றியுள்ள புகை ஆகியவற்றோடு பிறவியிலேயே அமையும் நொதியின் வேகமும் இதில் கலந்திருக்கிறது. சி.ஒய்.பி.2ஏ6 என்ற அந்த நொதிதான் கோட்டினினை உருவாக்குகிறது. அதைக் கரைப்பதும் அதுவே. நொதி மந்தமானவரின் உடலில் கோட்டினின் கூடுதல் நேரம் தங்கும். கர்ப்பிணிகளிடமோ அது விரைவாக வேலை செய்வதால், புகைத்தாலும் எண் குறைவாகவே காட்டும்.

2016–17ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 38.7 சதவீதம் பேர் வீட்டிலேயே பிறர் புகையைச் சுவாசிக்கிறார்கள். இங்கே பயன்படும் கோடு யாருடைய ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துப் போடப்பட்டது என்று கேட்கும் உரிமை பாலிசிதாரருக்கு உண்டு. அறிக்கையில் வெறும் ‘பாசிட்டிவ்’ என்றிருந்தால் எண்ணையும் எல்லையையும் எழுத்தில் கேளுங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

அப்பாவின் பீடிப் புகை? பரவலாகப் பயன்படும் சிறுநீர்ச் சோதனைப் பட்டைகளின் எல்லை ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 200 நானோகிராம். பிறர் புகை மட்டுமே அந்த அளவை எட்டுவது அரிது.

கத்தரிக்காயில் நிகோடின் இருக்கிறதாமே? இருக்கிறது, சோதனையை மாற்றும் அளவுக்கு இல்லை.

நிறையத் தண்ணீர் குடித்தால்? சிறுநீர் நீர்த்திருப்பதைக் கிரியேட்டினின் அளவு காட்டிக்கொடுக்கும்.

கம் மட்டுமே மெல்கிறேன் என்று நிரூபிக்க முடியுமா? முடியும், புகையிலையில் உள்ள அனபேசின் நிகோடின் கம்மில் இல்லை, அதை அளக்கும் தனிச் சோதனை உண்டு.

புகையிலைப் பழக்கத்தை மறைத்து எழுதலாமா? கூடாது, காப்பீட்டுச் சட்டப் பிரிவு 45இன்படி முதல் 3 ஆண்டுகளுக்குள் அந்தப் பொய்யைக் காட்டியே குடும்பத்துக்கு வரவேண்டிய தொகையை மறுக்க முடியும்.