கடன்காரர் இருவர்

தமிழ் வழக்கிலே கடன் கொடுத்தவரும் கடன்காரர், கடன்பட்டவரும் கடன்காரர். ஒரே சொல் இருவருக்கும் வழங்குவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் தவணை கடந்த கணக்கொன்றை நடுவில் வைத்து இவ்விருவரும் எதிரெதிரே நிற்கும்பொழுது, இருவர் மனத்திலும் குடிகொண்டிருப்பது அச்சமே. கொடுத்தது திரும்பாதோ என்று ஒருவர் அஞ்சுகிறார். ஊரறிய மானம் போய்விடுமோ என்று மற்றவர் அஞ்சுகிறார். இலங்கை வேந்தனின் கலக்கத்தைக் கடன்பட்டவர் நெஞ்சத்தோடு ஒப்பிடும் அடியொன்று மேடைகள்தோறும் கம்பர் வாக்காக எடுத்தாளப்படுகிறது. கம்பராமாயணத்தில் அவ்வடி இல்லை என்பது ஒருபுறமிருக்க, உவமை பிழையன்று.

அச்சமுற்றவர் செய்வன பெரும்பாலும் தமக்கே தீங்காய் முடிவனவாம். அறவிட வருபவரின் மோட்டார் சைக்கிள் ஒலி கேட்டதும் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையை அனுப்பி, அம்மா வீட்டில் இல்லை என்று சொல்விப்பர். நீட்டிய தாளிலெல்லாம் வாசியாமற் கையொப்பமிடுவர். பற்றுச்சீட்டுக் கேளாமற் கையிலிருந்த பணத்தைக் கொடுத்துவிடுவர். அடுத்த தவணையைக் கட்ட மற்றோரிடத்தில் இன்னுமொரு கடன் பெறுவர். இவற்றுள் இறுதியானதே மிகக் கொடியது.

முற்காலத்திலே கொழும்பிலுள்ள அலுவலக வாயில்களிற் சம்பள நாளன்று ஆப்கானியர் காத்து நிற்பர். நாட்டுக்கோட்டைச் செட்டிமார் கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து வணிகருக்குக் கடன் வழங்கினர். இன்று கடன் கொடுப்போரே கிராமத்து வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டனர். 2009 இல் யுத்தம் முடிவுற்ற பின்னர், வடக்கிலும் கிழக்கிலும் மீளக் குடியேறிய குடும்பங்களுக்கு நுண்நிதி நிறுவனங்கள் பெருமளவிற் கடன் வழங்கின. ஆடு, கோழி வளர்ப்பதற்கென்றும் தையல் இயந்திரம் வாங்குவதற்கென்றும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பிணை நின்று கிழமைக் கடன் பெற்றனர். ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆதலின் நிறுவனத்தின் ஆள் தண்ட வேண்டிய கடனை அயலவளே தண்டுபவளாகி, நெடுநாள் நட்பெல்லாம் பகையாயிற்று. 2018 இல், வறட்சியாற் பாதிப்புற்ற மாவட்டங்களிலே தவணை தவறிய பெண்களின் 100,000 ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யுந் திட்டமொன்றை அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது.

இத்தகைய கடனின் வட்டிக் கணக்கைச் சிறிது நின்று நோக்குதல் தகும். ஒருவர் 50,000 ரூபா பெறுகிறார் என்க. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 24. முழு ஆண்டுக்கும் முழுத் தொகைக்கும் வட்டி 12,000 ரூபா கூட்டி, 62,000 ரூபாவை 52 கிழமைகளுக்குப் பகிர்ந்தால் கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா வரும். இதிற் குறையென்ன என்று தோன்றும். ஆனால் கிழமைதோறும் முதல் குறைந்துகொண்டே போகிறது. வட்டியோ முதல் குறையாதது போலவே கணக்கிடப்பட்டுள்ளது. இருபத்தாறாவது கிழமையில் கடனாளியின் கையிலிருப்பது ஏறக்குறையப் பாதி முதலே. உண்மையான வட்டியைக் கணித்துப் பார்த்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு 44 வரை வந்துவிடும். இக்கணக்கைச் செய்யத் தெரிந்த பாடசாலைப் பிள்ளைகள் ஊர்தோறும் உளர்; தாய்மார் அவர்களைக் கேட்பதில்லை.

இனி, அறவிட வருபவருக்கு உள்ள அதிகாரம் யாது? கொடுத்த பணத்தைக் கேட்பதற்கு அவருக்கு உரிமையுண்டு; அதனை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் அவர் நிறுவனத்தின் தூதரேயன்றி நீதிமன்றத்தின் அலுவலர் அல்லர். விருப்பமின்றி வீட்டினுள் நுழையவோ, தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிச் செல்லவோ, இரவுவரை திண்ணையிலிருந்து ஏசவோ எந்தச் சட்டமும் அவருக்கு இடந்தரவில்லை. ஒரு சாதாரண கடனுக்காகப் பொருளைக் கைப்பற்றுவதாயின் வழக்குத் தீர்ப்பாகி, நீதிமன்றக் கட்டளையுடன் பிஸ்கால் வரவேண்டும். அப்பொழுதுங்கூட, உடுக்கும் உடை, படுக்கை, தொழிற் கருவி ஆகிய இன்றியமையாப் பொருள்களை 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை விலக்கி வைக்கிறது. குத்தகை முறையில் எடுத்த வாகனத்தின் நிலை வேறு. இறுதித் தவணை தீரும்வரை அது கொம்பனியின் உடைமை.

தவணை தவறுதல் குற்றச் செயலன்று. பொலிசார் பிடித்துச் செல்வர் என்னும் பயமுறுத்தல் பெரும்பாலும் வெறும் சொல்லே. இதற்கு ஒரு விலக்குண்டு. கணக்கிற் பணமில்லை என்றறிந்தும் காசோலை எழுதிக் கொடுத்தல், 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். பிணையாகவென்று திகதியிடாத காசோலையைக் கேட்பவரிடம் இதனை நினைந்தே கொடுக்காதிருத்தல் வேண்டும். அதே சட்டத்தின்கீழ் வங்கி முதலிய நிறுவனம் வழக்குத் தொடுத்தால், குறித்த நாளிற் சென்று எதிர்வாதஞ் செய்ய அனுமதி பெறாதவருக்கு எதிராகத் தீர்ப்பு உறுதியாகிவிடும். ஆகையால் அறவிட வருபவருக்குக் கதவைத் திறவாதவருங்கூட நீதிமன்ற அழைப்பாணையைப் பிரித்து வாசித்தே தீரவேண்டும்.

கடனாளிக்குக் காவலாயிருப்பது தாளும் திகதியுமே. செலுத்தும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டுப் பெறவேண்டும். அட்டையிற் கிறுக்கிய எழுத்துப் போதாது. முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தண்டம் எவ்வளவு எனத் தனித்தனியே காட்டும் கணக்கை எழுத்திற் கேட்க வேண்டும். தவணை தவறப் போகிறது என்று தெரிந்தால், தவறுமுன்னரே, இயன்ற தொகையைக் குறித்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புதல் நன்று. கூடிய தொகை சொல்லிவிட்டு மீண்டுந் தவறுவதிலும் குறைந்த தொகை சொல்லி அதனை ஒழுங்காகக் கட்டுதல் மேலாம். தனியார் வட்டிக்கடன் பற்றி 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கப் பணங்கடன் கொடுத்தற் கட்டளைச் சட்டம் தெளிவாகப் பேசியது: உண்மையிற் கைமாறிய முதலும், முன்கூட்டிக் கழித்த தொகையும், ஆண்டு வட்டி வீதமும் புரோநோட்டின் முகத்திலேயே எழுதப்பட வேண்டும். தொகை எழுதாத வெற்று நோட்டைப் பிணையாக ஏற்பது கடன் கொடுத்தவர் மீது குற்றம். இன்றைக்கும் வெற்று நோட்டிற் கையொப்பமிடுவோர் எத்தனை பேர்!

மறுபக்கத்தில் நிற்கும் கடன்காரரையும் மறந்துவிடலாகாது. நிறுவனங்களுக்குச் சட்டத்தரணிகள் உளர். சந்தியிலே சிறு கடை வைத்திருப்பவருக்கோ ஒரு கொப்பியே துணை. அரிசியும் மாவும் சீனியும் கொடுத்து, சம்பளம் வரட்டும், வெங்காயம் கிண்டட்டும் என்று காத்திருப்பவர் அவர். ஊரார் முகங்கோணுவர் என்றெண்ணிக் கேட்காமலே ஆண்டைக் கடத்திவிடுகிறார். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இவ்விடத்தில் அவரைக் கைவிடுகிறது. கடையிற் கொடுத்த சாமானுக்கும் கொப்பிக் கடனுக்கும் வழக்கிடக் கிடைக்கும் காலம் ஓராண்டு மட்டுமே. வாய்ச்சொல்லாற் கொடுத்த கைமாற்றுக்கு மூன்று ஆண்டு. புரோநோட்டு முதலிய எழுத்துக்கு ஆறு ஆண்டு. இவ்வேறுபாட்டை அறியாத வியாபாரி, நல்ல மனத்தாற் பொறுத்த கடனையே இழக்கிறார்.

இதற்கு மாற்று எளிது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொப்பியிலுள்ள மொத்தத்தைக் கூட்டி, இவ்வளவு தரவேண்டியுள்ளது என்று கடனாளி கையொப்பமிட்டால், அவ்வெழுத்து நாளிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். ஒரு பகுதியைச் செலுத்துவதும் அத்தகையதே; வெறும் வாய்வார்த்தைக்கு அந்த வலிமை இல்லை. கையொப்பம் கேட்பது நம்பிக்கையீனம் என்று சிலர் சினப்பர். அவர்கள் வங்கிக்குச் சென்றால் முகஞ்சுளிக்காமற் பத்து இடத்திற் கையொப்பமிடுவர் என்பதை வியாபாரி நினைத்துக்கொள்ளலாம். இதே விதி கடனாளியையும் பாதிக்கும். காலங்கடந்துபோன பழைய கணக்கொன்றைக் காட்டி, ஐந்நூறு ரூபாவாவது தாருங்கள் என்று ஒருவர் வந்தால், எதைக் கொடுக்கிறோம், எதில் ஒப்பமிடுகிறோம் என்பதை முதலில் விசாரித்தறிய வேண்டும். காலவிதிப்பை ஏமாற்றுக்குரிய வழியாகக் கொள்வோரும் உளர்; அவர்களால் அடுத்த வீட்டு ஏழைக்குங்கூடக் கடையிற் கடன் மறுக்கப்படுகிறது.

இருவரும் வழக்குக்குப் போகாமற் பேசித் தீர்ப்பதற்கு 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் உள்ளன. சட்டம் குறித்த எல்லைக்குட்பட்ட பணத் தகராறுகள் பெரும்பாலும் முதலில் இங்கேயே செல்லவேண்டும். சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை, கட்சிக்காரர் தம் வாயாலேயே பேசுவர். காணியை ஈடுவைத்தோ, மீட்டுத் தரும் நிபந்தனையோடு எழுதிக் கொடுத்தோ கடன்பட்டவர், 1941 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் ஏற்பட்ட கடன் இணக்கச் சபையை நாடலாம். மீட்கும் தவணை முடியுமுன்னரே விண்ணப்பிப்பது முக்கியம். எங்கே போனாலும் கையிற் கொண்டுபோக வேண்டியவை உறுதியின் பிரதி, பற்றுச்சீட்டுகள், அனுப்பிய கடிதங்கள். அவற்றைத் திகதி வரிசையில் ஒரு கோவையிற் கட்டிவைத்திருப்பவரின் பேச்சு அங்கே நீளாது.