கலோடன் போர்க்களத்தில் ஒரு கல்

ஸ்காட்லாந்தின் வடக்கே, இன்வெர்னெஸ் நகரிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது கலோடன் போர்க்களம். போர்க்களம்னு சொன்னதும் கோட்டை, அகழின்னு எதையாவது எதிர்பார்த்துப் போனா ஏமாந்துடுவீங்க. புதர் மண்டிய திறந்த வெளி, நடுவே சமதளமான நடைபாதை, வழியில் விளக்கப் பலகைகள். அவ்வளவுதான். வயதானவர்கள்கூட நிதானமாக நடந்து ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். 1746 ஏப்ரல் 16 அன்று இங்கே நடந்த சண்டைக்கும் அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை.

1688-இல் பறிபோன பிரிட்டிஷ் அரியணையை ஸ்டூவர்ட் குடும்பத்துக்கு மீட்டுத் தரக் கிளம்பியவர்கள் ஜாக்கோபைட்டுகள். தலைவர், இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட். எதிரே அரசாங்கப் படை. அதன் தளபதி அரசர் இரண்டாம் ஜார்ஜின் மகன், கம்பர்லாண்ட் டியூக் வில்லியம். இரண்டு பேருக்குமே வயது 25.

பாதையில் முதலில் கண்ணில் படுவது கொடிகள். ஜாக்கோபைட்டுகள் நின்ற இடத்தில் நீலக் கொடிகள், அரசாங்கப் படை நின்ற இடத்தில் சிவப்புக் கொடிகள். நீலத்திலிருந்து சிவப்புக்கு நடந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். ஜாக்கோபைட்டுகளின் பலம் வேகம்: பாய்ந்து ஓடி, நெருங்கி, வாளால் வெட்டுவது. ஆனால் இரண்டு வரிசைகளும் இணையாக நிற்கவில்லை. வலப்பக்கத்தாருக்குத் தூரம் குறைவு, இடப்பக்கத்தாருக்கு அதிகம். அதிலும் இடப்பக்கம் சேற்று நிலம். முந்தைய இரவு எதிரி முகாமைத் திடீரென்று தாக்கப் போய், விடிவதற்குள் போய்ச்சேர முடியாமல் திரும்பியிருந்தார்கள். சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை. முகத்தில் அடிக்கும் பனிமழை வேறு. அந்த நிலையில் பீரங்கிக்கு எதிரே ஓடினார்கள். ஜாக்கோபைட்டுகளில் சுமார் 1,500 பேர் செத்தார்கள். அரசாங்கம் தன் பக்கம் இறந்ததாகக் கணக்குக் காட்டியது 50 பேரை.

இதில் ஒரு வேடிக்கை என்னன்னா, நாம் நடக்கும் பாதை கெட்டியானது. அன்று ஆட்களைக் கொன்றதில் பாதிப் பங்கு சேற்றுக்கு உண்டு. அது நம் காலில் படுவதே இல்லை. பாதையோரம் தேங்கிக் கிடக்கும் தண்ணீரைப் பார்த்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். பாதை வசதியாக இருப்பதாலேயே சில விஷயங்கள் மறைந்துவிடுகின்றன. கொஞ்ச தூரத்தில் இது இன்னொரு விதத்திலும் தெரிந்தது.

அங்கே கல்லறை மேடுகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு குலத்தின் பெயர் பொறித்த கல். பலரும் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். பார்த்தால் 1746-இலேயே நட்டது போல இருக்கும். உண்மையில் இவை 1881-இல் இந்த நிலத்தின் உரிமையாளர் டங்கன் ஃபோர்ப்ஸ் நிறுத்தியவை. குவியல் குவியலாகக் குழியில் போட்ட உடல்களைக் குலம் பார்த்துப் பிரித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். 'கலப்புக் குலங்கள்' என்றே ஒரு கல் இருக்கிறது.

என்னை நிறுத்திவைத்தது வேறொரு கல். 'ஆங்கிலேயரின் நிலம், அவர்கள் இங்கே புதைக்கப்பட்டார்கள்' என்கிறது அது. படிச்சதும் கதை முடிஞ்ச மாதிரி இருக்கும்: இந்தப் பக்கம் ஸ்காட்லாந்து, அந்தப் பக்கம் இங்கிலாந்து. ஆனால் சிவப்புக் கொடிக்குக் கீழே ராயல் ஸ்காட்ஸ் போன்ற ஸ்காட்டிஷ் ரெஜிமென்ட்டுகளும் நின்றன. ஹைலேண்ட் மலைநாட்டைச் சேர்ந்த கேம்ப்பெல் குலத்தாரும் நின்றார்கள். நீலக் கொடிக்குக் கீழே ஐரிஷ்காரர்களும் இருந்தார்கள். இந்த நிலத்துக்கே அன்று சொந்தக்காரராக இருந்த டங்கன் ஃபோர்ப்ஸ், கல் நட்டவரின் அதே பெயர் கொண்ட முன்னோர், ஸ்காட்லாந்தின் தலைமை நீதிபதி. அவரும் அரசாங்கத்தின் பக்கம்தான். நடந்தது பங்காளிச் சண்டை. 135 வருஷம் கழித்து வந்த கல் அதை இரண்டு நாட்டுச் சண்டையாக்கிவிட்டது. சொந்தக்காரனே கொன்றான் என்பதைவிட அந்நியன் கொன்றான் என்று நினைவு வைத்துக்கொள்வது சுலபம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதை நாமும் செய்கிறோம். ஜாக்கோபைட் பக்கம் நின்று, கலோடனுக்கு முதல் நாள் பிடிபட்ட ஜான் மெக்கன்ஸி, மெக்லியோட் பிரபு, பிறகு மன்னிப்புப் பெற்று, அதே பிரிட்டிஷ் அரசுக்காக 73-ஆவது ஹைலேண்டர் ரெஜிமென்ட்டைத் திரட்டினார். 1780-இல் அது சென்னைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் அழித்த படையில் அதன் இரண்டு கம்பெனிகள் இருந்தன. அந்தப் படையைத்தான் நாம் 'வெள்ளைக்காரப் படை' என்கிறோம். ஆனால் அதில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள்.

அதனால் எந்தப் போர்க்களத்துக்குப் போனாலும் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, எந்த வருஷம் எழுதியது என்றும் பாருங்க. போர் நடந்த வருஷமும் கல் நட்ட வருஷமும் வேறு வேறு என்றால், நடுவில் யாரோ கதையைச் சுருக்கியிருக்கலாம்.