பணம் வந்தது, மனம் ஆறவில்லை!

புதுச் சேலை. முதல் தண்ணீரிலேயே சாயம் போய்விட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் அதைக் கடைக்கு எடுத்துப் போனார். பணம் திரும்பக் கிடைத்தது. ஆனால் கடைக்காரர் ஒரு மணி நேரம் காக்க வைத்தார். "துவைக்கத் தெரியாதா, அம்மா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டும் விட்டார். இனி அந்தக் கடைப் படி ஏற மாட்டாராம்!

வீண் கோபமா? இல்லை. என்ன கொடுத்தார்கள், எவ்வளவு அலைய விட்டார்கள், எப்படிப் பேசினார்கள் என்று மூன்றையும் மக்கள் எடை போடுகிறார்கள். 1998-ல் அமெரிக்க ஏடு ஒன்றில் வந்த ஆராய்ச்சியும் இதையே சொல்லிற்று.

பணமே தர மறுத்தால்? 1915-க்கு டெலிபோன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ரூ.5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. மன வேதனைக்கும் நஷ்ட ஈடு கேட்கலாம். பில்லை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.