துடைக்காமல் விட்ட தண்ணீர்

மே மாதம், மதியம் பன்னிரண்டரை மணி. பழைய மகாபலிபுரம் சாலையோரத்தில் ஒரு வாட்டர் வாஷ் கடை. என் கறுப்புக் காரைக் கழுவக் கொடுத்துவிட்டு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பையன்கள் நுரை அடித்தார்கள், பிரஷர் பம்பால் அலசினார்கள். அடுத்த வண்டி உள்ளே வந்ததும் என்னுடையதை வெயிலில் தள்ளி நிறுத்திவிட்டு அதைக் கவனிக்கப் போய்விட்டார்கள். இரண்டாவது டீயைக் குடித்துவிட்டு நான் திரும்பியபோது கார் தானாகவே காய்ந்திருந்தது. சுண்ணாம்பில் விரலை நனைத்து யாரோ உதறிவிட்டுப் போனதுபோல பானெட் முழுக்க வெள்ளை வளையங்கள்.

கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வெறும் தண்ணி திட்டுதான் சார். வீட்டுக்குப் போய் ஈரத்துணியால தொடைச்சா போயிடும்" என்றார்.

போகவில்லை.

நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று பிரித்துச் சொல்லத் தெரியாத வீடு நம் ஊரில் கிடையாது. உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். அந்தக் காயிலில் நடப்பதுதான் என் பானெட்டிலும் நடந்தது. நிலத்தடி நீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பைகார்பனேட்டாகக் கரைத்து வைத்திருக்கும். சூடுபட்டுத் தண்ணீர் ஆவியாகும்போது கரியமில வாயு பிரிந்துவிடும், கால்சியம் கார்பனேட் தங்கிவிடும். அது மறுபடி தண்ணீரில் லேசில் கரையாது. ஈரத்துணிக்கு அசையாததன் காரணம் இதுதான். காபி சிந்திக் காய்ந்தால் விளிம்பு மட்டும் கருத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். காயும் துளிக்குள் இருப்பதெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்குவதால்தான் உப்பும் வளையமாக விழுகிறது.

எவ்வளவு உப்பு என்று அறிய, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் போதும். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் என்று அது காட்டினால், ஒரு லிட்டர் தண்ணீரை வண்டிமேல் காயவிடும் ஒவ்வொரு முறையும் ஒரு கிராம் உப்பைப் பூசுகிறோம் என்று பொருள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500) டிடிஎஸ் 500-க்குள்ளும் கடினத்தன்மை 200-க்குள்ளும் இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் முறையே 2,000, 600 வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. கடையில் பம்பு இழுப்பது போர் தண்ணீராகவோ லாரித் தண்ணீராகவோதான் இருக்கும். அதன் அளவை யாரும் பார்ப்பதில்லை. நான் மீட்டர் வாங்கிய பிறகு எங்கள் அடுக்ககத்து போர் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். 1,480.

பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. பெயின்டின் மேல் பளபளப்புக்காகப் பூசும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான் இருந்தால் அதிகம். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அதன்மேல் உப்பு உட்கார்ந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி பனியிலோ தூறலிலோ நனைந்து, மறுபடி காய்ந்தால் நாளடைவில் பூச்சையே அரிக்கத் தொடங்கும். பிறகு உப்பைச் சுரண்டி எடுத்தாலும் அடியில் குழி நிற்கும்.

கண்ணாடியில் படிவது அதைவிட மோசம். பகலில் தெரியாது. இரவு ஜிஎஸ்டி சாலையில் எதிரே ஹைபீமில் வருகிற லாரியின் வெளிச்சம் விண்ட்ஷீல்டில் பட்டதும் ஒவ்வொரு உப்புத் திட்டும் தனித்தனி விளக்காகச் சிதறும். அந்தச் சிதறலுக்குப் பின்னால் சாலையைக் கடக்கும் ஆள் கண்ணுக்குத் தப்பிவிடலாம். பானெட்டை விட்டாலும் முன்கண்ணாடியையும் பக்கக் கண்ணாடிகளையும் ரிவர்ஸ் கேமராவையும் விடாதீர்கள்.

சரி, தடுப்பது எப்படி? இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தண்ணீர் தானாகக் காய்வதற்குள் நாம் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். விடிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ நிழலில் கழுவுங்கள். ஓடி வந்த வண்டி என்றால் பானெட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் ஆறட்டும். மேற்கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். ஒரு பக்கம் ஷாம்பு போடும்போது மறுபக்கம் காய்ந்துகொண்டிருக்கும், எனவே அவ்வப்போது எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசி அலசலுக்கு ஒரு கைவேலை உண்டு. ஹோஸ் பைப்பின் நாசிலைக் கழற்றிவிட்டு, வெறும் வாயைப் பெயின்டுக்கு நெருக்கமாகப் பிடித்து மெதுவாக ஓடவிடுங்கள். பீய்ச்சி அடித்தால் ஆயிரம் துளிகளாகச் சிதறி நிற்கும் தண்ணீர், இப்படி விட்டால் ஒரே படலமாக வழிந்து தன்னோடு துளிகளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். துடைக்க மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். தடித்த மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு, அழுத்தாமல் இழுத்தால் போதும். பழைய பனியனும் வேட்டிக் கிழிசலும் அடுப்படியோடு நிற்கட்டும். கதவுக் கைப்பிடிக்குள், கண்ணாடிக் கூண்டுக்குள், பெட்ரோல் மூடிக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர் வண்டியை எடுத்ததும் வழியும். ஆகவே தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து இன்னொரு முறை துடைத்துவிடுங்கள்.

வீட்டில் ஏசி இருந்தால் கூடுதலாக ஒரு வசதி. வெளியே குழாயில் சொட்டுகிற தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, மண்ணைத் தொடாதது. அதில் கரைந்த உப்பு அநேகமாக இருக்காது. சென்னைப் புழுக்கத்தில் ஓர் இரவுக்குச் சில லிட்டர் சேரும். துணியில் வடிகட்டி வைத்துக்கொண்டு கடைசி அலசலுக்கு அதை ஊற்றினால் இடுக்கில் எங்கேனும் காய்ந்தாலும் தடம் தெரியாது. குடிக்க மட்டும் கூடாது. இதற்கு நேர் எதிர் ஆர்ஓ மெஷினின் கழிவு நீர். வீணாக்க வேண்டாமே என்று அதைக் கார் கழுவப் பிடித்துவைக்கும் நல்ல மனசுக்காரர்கள் எங்கள் அடுக்ககத்திலேயே நாலைந்து பேர். ஆர்ஓ நமக்கு நல்ல தண்ணீரைக் கொடுத்துவிட்டு, உப்பையெல்லாம் சேர்த்து அந்தக் குழாயில்தான் தள்ளுகிறது. அது வாசல் கழுவ ஆகும். காருக்கு ஆகாது.

வாட்டர் சாஃப்ட்னர் விற்பவர் "டிடிஎஸ் குறையும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. மொத்த உப்பு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். ஆனால் சோடியம் உப்பு தண்ணீரில் கரையும் என்பதால் துடைத்தால் வந்துவிடும், அந்த வகையில் லாபம். செராமிக் கோட்டிங் போட்டால் தண்ணீர்த் திட்டே விழாது என்பதும் பாதிப் பொய். கோட்டிங் தண்ணீரை முத்து முத்தாகத் திரட்டுகிறது. வழிந்து ஓடாமல் நிற்கும் முத்து காய்ந்தால் அங்கேயும் வளையம்தான். பல ஆயிரம் கொடுக்கும் முன் உத்தரவாதத்தில் எதெது சேராது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

விழுந்துவிட்ட திட்டுக்கு வழி? அன்றைக்கே பார்த்தால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மைக்ரோஃபைபரே பல சமயம் போதும். கடையில் கேட்கும்போது கவனம், பேட்டரி ஆசிட் வேறு. அதற்கும் அசையாவிட்டால் சமையலுக்கான வெள்ளை வினிகரைச் சரிபாதி தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்து, திட்டின்மேல் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். கார்பனேட்டும் அமிலமும் சேர்ந்தால் கரையும், பள்ளிக்கூட வேதியியல்தான். பானெட் ஆறியிருக்க வேண்டும், வினிகர் காயக் கூடாது, உடனே ஷாம்பு போட்டு அலசித் துடைக்க வேண்டும். மேலே இருந்த வேக்ஸும் கூடவே போய்விடும், திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தொடவே தொடாதீர்கள். சில கடைகளில் அலாய் வீலுக்கும் கண்ணாடிக்கும் பெயர் ஒட்டாத பாட்டிலிலிருந்து ஏதோ தெளிப்பார்கள். என்னவென்று கேளுங்கள். கடினமான கறை நீக்கிகள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதன் உறவான அமோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். இதன் நீர்த்த கரைசல் தோலில் பட்டால் உடனே எரியாமலும் இருக்கலாம். மணிக்கணக்கு கழித்து, உள்ளே எலும்பு வரை இறங்கிய பிறகு வலிக்கும், உயிரையும் எடுக்கும். கையுறை இல்லாமல் அதைத் தெளிக்கிற பையனுக்கு அது தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு, பாட்டிலோடு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இனி உரிமை. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலை கார் கழுவுவதானாலும் அது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை'. அதைக் கவனமில்லாமல் செய்வது சேவைக் குறைபாடு. என்னைக் கேட்டால், துடைக்காமல் வெயிலில் நிறுத்தியது அரைவேலை. வாட்டர் வாஷ் என்றால் தண்ணீரை ஊற்றுவதோடு எடுப்பதும் சேர்ந்ததுதான். பில் தராமல் இருப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை. ஆனால் முழுக்க இலவசமாகச் செய்து தரும் சேவைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சர்வீஸ் சென்டரில் 'ஃப்ரீ வாஷ்' என்றால், அது காசு கொடுத்த சர்வீஸின் பகுதிதான் என்று ஜாப் கார்டைக் காட்டி வாதாட வேண்டியிருக்கும்.

சுவரில் தொங்கும் "வண்டி உரிமையாளர் பொறுப்பில்" பலகைக்குப் பயப்பட வேண்டாம். சாவியை வாங்கிய நொடியில் வண்டியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் கடமையும் கடைக்காரர் கைக்குப் போகிறது, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. டெல்லி ஹோட்டல் ஒன்றில் வேலட் பார்க்கிங்குக்குக் கொடுத்த மாருதி ஸென் 1998-இல் திருடுபோனது. 'உரிமையாளர் பொறுப்பு' என்று சீட்டில் அச்சடித்துவிட்டுத் தன் அலட்சியத்திலிருந்து ஹோட்டல் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் சாட்சி வேண்டும். விடும்போது நாலு பக்கமும் படம், எடுக்கும்போது அதே நாலு பக்கமும் படம், பில், கறையை எடுக்க இன்னொரு கடை எழுதிக் கொடுத்த மதிப்பீடு. முதலில் கடைக்கே எழுதிச் சரிசெய்ய வாய்ப்புக் கொடுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பிறகுதான் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. 400 ரூபாய் வாஷுக்கு யார் இவ்வளவு அலைவது என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான், நானும் அலையவில்லை. என்னிடம் பில் இல்லை, யுபிஐயில் பணம் போன பதிவும் எடுக்கும்போது பிடித்த படங்களும்தான் இருந்தன. அவற்றோடு மேலே சொன்னதை ஐந்து வரியில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாளே கடைக்காரர் கூப்பிட்டு 400 ரூபாயைத் திருப்பிவிட்டார். பாலிஷ் செலவு பற்றி மூச்சில்லை.

இந்த எச்சரிக்கையெல்லாம் அடுக்ககத்தில் தினமும் காலையில் வாளியோடு வந்து இருபது கார் துடைக்கிற அண்ணனைப் பற்றியல்ல. நாம் கொடுக்கிற தண்ணீரிலும் நாம் கொடுக்கிற கந்தலிலும்தான் அவர் துடைக்கிறார். நான் இரண்டு மைக்ரோஃபைபர் துண்டும் ஒரு கேன் ஏசி தண்ணீரும் கொடுத்து, "அண்ணே, கண்ணாடிக்கு மட்டும் இதை வச்சுக்குங்க" என்றேன். "இத மொதல்லயே சொல்லியிருந்தா அந்த வெள்ளைத் திட்டு வந்திருக்காதே சார்" என்றார். பழி எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது.

வினிகரில் முக்கால்வாசி வளையங்கள் போயின. மிச்சத்துக்கு வேறொரு கடையில் மெஷின் பாலிஷ். பாலிஷ் என்பது கிளியர் கோட்டையே ஒரு சில மைக்ரான் சீவி எடுப்பது, அதனால் அந்தப் பையன் ஒவ்வொரு இடத்திலும் சின்னக் கருவி ஒன்றை வைத்துப் பெயின்டின் தடிமனை அளந்துகொண்டே வந்தான். வைப்பருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நக அளவில் ஒரு வளையம் மட்டும் அசையவில்லை. அங்கே இரண்டு முறை கருவியை வைத்துப் பார்த்தான்.

"இதுக்கு மேல எடுத்தா பெயின்ட் வந்துடும் சார். இது இருக்கட்டும்."

இருக்கிறது.