சோடாபுட்டி கண்ணாடியா? கவலையை விடுங்க!

"அவங்க வர்ற நேரமாச்சு. அந்தக் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு வாடி!"

பெண் பார்க்க வரும் நாளில், சமையலறைப் பக்கம் இப்படி ஒரு குரல் கேட்காத வீடு குறைவு. அம்மா சொல்லிவிட்டாளே என்று கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, காபித் தட்டோடு கூடத்துக்கு வருகிறாள் பெண். அவளுக்கு மைனஸ் ஒன்பது பவர். கண்ணாடி இல்லாவிட்டால் 11 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாமே மங்கல்தான். உட்கார்ந்திருப்பவர்களில் மாப்பிள்ளை யார், மாப்பிள்ளையின் மாமா யார் என்று அவளுக்குத் தெரியாது. மாமாவைப் பார்த்து வெட்கப்பட்டுவிட்டு உள்ளே போவாள்!

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், தன் வாழ்க்கைத் துணையை முதன்முதலாகப் பார்க்கும் நேரத்தில், பார்க்கும் உரிமையையே அவளிடமிருந்து பறித்துவிட்டோமே... அதை யோசித்தோமா? கண்ணாடியை மறைப்பதற்குப் பதில், நல்ல கண்ணாடியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கலாமே!

"ஹை பவர்னா கண்ணாடி தடிமனாத்தானே இருக்கும்? அதுக்கு என்ன பண்றது?" என்கிறீர்களா? நிறையப் பண்ணலாம்.

எது ஹை பவர்?

பொதுவாக மைனஸ் ஆறு, அதற்கு மேல் என்றால் அதிகக் கிட்டப்பார்வை என்று சொல்வார்கள். உங்கள் கண்ணுக்கு எவ்வளவு தூரம் வரை தெளிவாகத் தெரியும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறை உங்கள் பவரால் வகுங்கள். மைனஸ் ஐந்து என்றால் 20 சென்டிமீட்டர். மைனஸ் பத்து என்றால் வெறும் 10 சென்டிமீட்டர்.

மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லியதாக இருக்கும். ஓரத்துக்குப் போகப் போகத் தடிக்கும். பிளஸ் லென்ஸ் இதற்கு நேர்மாறு, நடுவில் புடைத்திருக்கும். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு நம் தாத்தா பாட்டிகள் போட்டிருந்த பூதக்கண்ணாடி ஞாபகம் இருக்கிறதா? அது பிளஸ் பத்து, பன்னிரண்டு வகை. இப்போது ஆபரேஷனின்போதே கண்ணுக்குள் லென்ஸ் வைத்துவிடுவதால் அது பெரும்பாலும் மறைந்துவிட்டது.

தடிமனின் ரகசியம் ஃப்ரேமில்!

கடைக்குப் போனதும் எல்லோரும் முதலில் கேட்பது, "மெல்லிசா லென்ஸ் இருக்கா?" என்றுதான். அதற்கு முன்னால் ஃப்ரேமைப் பாருங்கள். ஃப்ரேமின் கம்பியில் உட்பக்கம் 46, 18, 140 என்பது போல மூன்று எண்கள் பொடியாக அச்சடித்திருக்கும். முதல் எண் லென்ஸின் அகலம். இரண்டாவது, மூக்கின் மேல் உட்காரும் பாலத்தின் அகலம். மூன்றாவது, காதில் மாட்டும் கம்பியின் நீளம். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு.

முதல் இரண்டையும் கூட்டுங்கள். அந்தத் தொகை, உங்கள் இரு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தத் தூரத்தைக் கடைக்காரர்கள் 'பி.டி.' என்பார்கள்.

நம் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். மைனஸ் ஒன்பது, பி.டி. 62. ஃபேஷனாக இருக்கிறதே என்று 56-18 அளவில் பெரிய ஃப்ரேம் வாங்கினால், கூட்டுத்தொகை 74. லென்ஸின் மையத்தைக் கண்மணிக்கு நேராக வைக்க, ஒவ்வொரு பக்கமும் 6 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ள வேண்டும். விளைவு? வெளி ஓரம் சாதாரண ஃபைபர் லென்ஸில் 12 மி.மீ.க்கும் மேல் தடித்துவிடும். 46-18 அளவு ஃப்ரேம் என்றால் தொகை 64. அதே பவர், அதே சாதாரண லென்ஸ்... தடிமன் 7, 8 மி.மீ.யில் நின்றுவிடும். கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி! கூடுதலாக ஒரு பைசா செலவில்லை.

வடிவத்திலும் கவனம் தேவை. வட்டம், முட்டை வடிவம் அல்லது மூலைகள் மழுங்கிய சதுரம் நல்லது. கூரான மூலைகள் இருந்தால் தடிமன் அங்கேதான் துருத்தும். ரிம்லெஸ்ஸும், கீழே நரம்பு கட்டிய அரை ஃப்ரேமும் வேண்டாம். ஓரம் பளிச்சென்று தெரியும். கொஞ்சம் பட்டையான ஷெல் ஃப்ரேம் ஓரத்தை மறைத்துக்கொள்ளும்.

மெல்லிய லென்ஸ்: எது வரை?

சாதாரண ஃபைபர் லென்ஸின் இன்டெக்ஸ் 1.50. அதற்கு மேல் 1.60, 1.67, 1.74 என்று போகிறது. எண் ஏற ஏற லென்ஸ் மெலியும், விலை ஏறும். சற்று முன் சொன்ன சின்ன ஃப்ரேமில் 1.67 போட்டால் ஓரம் 5 மி.மீ. சொச்சம்தான். பெரிய ஃப்ரேமில் விலை உயர்ந்த லென்ஸ் போடுவது, ஓட்டைக் குடத்தில் பன்னீர் ஊற்றுகிற கதை.

இரண்டு விஷயங்களைக் கடைக்காரர் சொல்லாமல் விடலாம். ஒன்று, ஹை இன்டெக்ஸ் லென்ஸ் வெளிச்சத்தை அதிகம் பிரதிபலிக்கும். அதனால் பிரதிபலிப்பைத் தடுக்கும் ஏ.ஆர். கோட்டிங் அவசியம். ஓரத்தில் தெரியும் வளையங்களும் இதனால் குறையும். இரண்டு, ஓரக் கண்ணால் விளக்கைப் பார்த்தால் லேசாக வர்ணக்கோடு தெரியலாம். அதிகம் தொந்தரவு செய்தால் 1.60-க்கு இறங்கிப் பாருங்கள்.

குழந்தைகளுக்கு பாலிகார்பனேட் நல்லது. பந்து பட்டாலும் லேசில் உடையாது. "கண்ணாடி போட்டுப் போட்டுத்தான் பவர் ஏறுது" என்று சொல்லி, குழந்தையின் கண்ணாடியைப் பிடுங்கி வைக்காதீர்கள். அது தவறான நம்பிக்கை. சிறு வயதில் மங்கலாகவே பார்த்துப் பழகிய கண், பிறகு கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை பெறாமல் போகலாம்.

மூக்கில் வழுக்குகிறதா?

ஹை பவர்காரர்கள் அடிக்கடி ஒற்றை விரலால் கண்ணாடியை மேலே தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் பழக்கமில்லை. மைனஸ் ஒன்பது கண்ணாடி, கண்ணை விட்டு 6 மி.மீ. விலகினால், பவரில் ஏறக்குறைய அரை குறைந்த மாதிரிதான். ஆகவே மூக்குத் தாங்கியைச் சரியாகப் பொருத்தச் சொல்லுங்கள். கண்ணுக்கு நெருக்கமாக உட்கார்ந்தால் பார்வையும் தெளிவு. கண் சிறுத்துத் தெரிவதும் குறையும்.

இதே காரணத்தால், கண்ணாடிச் சீட்டை வைத்து கான்டாக்ட் லென்ஸ் வாங்கக் கூடாது. கண்ணாடிக்கு மைனஸ் ஒன்பது என்றால் கான்டாக்ட் லென்ஸுக்கு ஏறக்குறைய எட்டுதான் வரும். அதற்குத் தனியாகப் பரிசோதனை உண்டு.

கடைக்குப் போகும்போது...

* பி.டி.யை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். மையம் விலகினால் ஏற்படும் தொல்லை, மைனஸ் ஒன்றைவிட மைனஸ் ஒன்பதில் ஒன்பது மடங்கு!

* பழைய கண்ணாடியைக் கொண்டு போங்கள். வெற்று ஃப்ரேமை மாட்டினால் கண்ணாடியில் உங்கள் முகமே உங்களுக்குத் தெரியாது. கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

* புதுக் கண்ணாடியில் முதல் சில நாட்கள் தரை ஏறி இறங்குவது போல் இருக்கலாம். பத்து நாளாகியும் தலைவலி விடாவிட்டால், "பழகிடும்" என்று விட்டுவிடாமல் லென்ஸைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

* மாற்றுக் கண்ணாடி ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். ரயிலில் ராத்திரி கண்ணாடி உடைந்தால் ஹை பவர்காரருக்கு உலகமே இருட்டு.

கண்ணாடியோடு முடியவில்லை

மைனஸ் பவர் அதிகமான கண், பெரும்பாலும் முன்பின்னாக நீண்டிருக்கும். அதனால் உள்ளே விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். விழித்திரை கிழியவும் விலகவும் மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். கண்ணழுத்த நோய்க்கும் அப்படியே. லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைத் தூக்கிப் போட்டவர்களுக்கும் இது பொருந்தும். ஏனென்றால் கண்ணின் நீளம் மாறுவதில்லை. எனவே வருஷத்துக்கு ஒரு முறை, சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். திடீரென்று மின்னல் வெட்டுவது போல் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஓரத்தில் திரை விழுந்தது போல் மறைத்தாலோ, அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓடுங்கள். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். விழித்திரை விலகும்போது வலிக்காது!

அடுத்த முறை உங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்களா? பொண்ணு கண்ணாடியோடவே வரட்டும். முகத்துக்குப் பொருத்தமான சின்ன ஃப்ரேம், மெல்லிய லென்ஸ். மாப்பிள்ளை அவளைப் பார்க்கட்டும். அவளும் மாப்பிள்ளையை நன்றாகப் பார்க்கட்டுமே!